பட்டிக்கு ஒரு பட்டி

முதல் நாள் ராத்திரி 11:15 மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் போன் செய்தார். "சார், உங்க வீட்ல கொழந்தை ரொம்ப நேரமா அழுவுதே, ஏதாவது ஹெல்ப் வேணுமா?"

நல்ல மனிதர். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே குழந்தைக்கு 11 வயது. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் சத்தமில்லாமல், போர்வைக்குள். சத்தம் போட்டு அழுதது ஹாலில் கம்பிக் கூண்டுக்குள் இருந்த இரண்டு மாத நாய்க்குட்டி. அதற்குப் பக்கத்தில் தரையில் செல்போனும் கையுமாக நான். "அழுதால் திறக்காதீர்கள், திறந்தால் அழுகைதான் சாவி என்று கற்றுக்கொள்ளும்" என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீடியோவில் சொல்லியிருந்தார். அவருக்குக் கீழ்வீடு இல்லை போலிருக்கிறது.

40 நிமிஷம் தாங்கினேன். அப்புறம் திறந்துவிட்டேன். குட்டி வெளியே வந்து, என் காலடியில் ஒரு குளம் கட்டிவிட்டு, சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அடுத்த மூன்று நாள் அந்தக் கூண்டுக்குள் முழுசாக நுழையவே இல்லை.

குட்டி எங்களிடம் வந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று வருஷக்கணக்காக நகராமல் நிற்கிறது. அதற்கடியில் ஒரு தெருநாய் நாலு குட்டி போட்டிருந்தது. ஒரு நாள் தாய் வண்டியில் அடிபட்டுப் போய்விட, மூன்று குட்டிகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். மிச்சமிருந்ததை என் மகள் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்து மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்தாள். டாக்டர் பல்லைப் பார்த்து எட்டு வாரம் இருக்கும் என்றார். 2.8 கிலோ. வயிறு நிறையப் பூச்சி.

நிறம் கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. அப்போது சாத்தூரிலிருந்து அம்மா வந்திருந்தார். ஓலைக்கொட்டானில் கொண்டுவந்த கருப்பட்டியையும் குட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மகள், பெயர் வைக்க யோசிக்கவே இல்லை. கருப்பட்டி. கூப்பிடும்போது பட்டி. எதிர்வீட்டு மலையாளிக் குடும்பம் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. அவர்கள் மொழியில் பட்டி என்றாலே நாய்தான். நாய்க்கு நாய் என்று பெயர் வைத்த ஒரே குடும்பம் நாங்கள்தான் என்று அந்த வீட்டுச் சேட்டன் லிஃப்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாய்க்குட்டியைத் தனியாகப் படுத்துத் தூங்கப் பழக்கும் இந்தக் கம்பிக் கூண்டைக் கிரேட் என்பார்கள். கிரேட் என்றால் அம்மாவுக்குத் தெரிந்தது சோடா கிரேட்டும் தக்காளிக் கிரேட்டும்தான். நாய்க்கு ஒன்று வாங்கப் போகிறேன் என்றதும் அதிலே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போவோம் என்று நினைத்துக்கொண்டார். கம்பி வைத்த பெரிய பெட்டி வந்து இறங்கியதும் முகம் மாறிவிட்டது. "ஏப்பா, தெருவுல சும்மா திரிஞ்சதைத் தூக்கியாந்து ஜெயில்ல போடவா?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இல்லாமலில்லை. ஆனால் எங்கள் நிலைமை இது: இரண்டு படுக்கையறை வீடு, கடிக்கத் தோதாக எல்லா மூலையிலும் வயர், மனைவிக்கு வாரம் ஐந்து நாள் ஆபீஸ், எனக்கு இரண்டு நாள், அம்மா எப்போது வேண்டுமானாலும் ஊருக்குக் கிளம்பிவிடுவார். எல்லாருடைய கண்ணும் அசரும் நேரத்தில் குட்டியும் அசர ஒரு இடம் வேண்டியிருந்தது.

வாங்கியதிலேயே முதல் தப்பு. ஆன்லைனில் ஒருவர் பழையதை விற்றார். 36 அங்குல மடக்குக் கூண்டு, பாதி விலை. நாட்டுநாய் வளர்ந்தால் 15, 20 கிலோ வரும், அப்போதும் பயன்படுமே என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். ஆனால் எட்டு வாரக் குட்டிக்கு அது ஒரு கல்யாண மண்டபம். ஒரு மூலையில் ஒன்றுக்கு அடித்துவிட்டு எதிர் மூலையில் சுகமாகத் தூங்கியது. நாய் படுத்த இடத்தை அசிங்கம் செய்யாது என்பதை நம்பித்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. இடம் பெரிதாகிவிட்டால் அந்த நம்பிக்கை போச்சு. எழுந்து நிற்க, ஒரு சுற்றுத் திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடமிருந்தால் போதும். பெரிய கூண்டுகளில் இதற்காகவே நடுவில் நகர்த்தி வைக்கிற தடுப்பு ஒன்று தருவார்கள். விற்றவர் அதைத் தொலைத்திருந்தார். அட்டைப்பெட்டியை வெட்டி வைத்தேன், இரண்டே நாளில் தின்றுவிட்டது. கடைசியில் தச்சுவேலை செய்கிற ஒருவரிடம் பிளைவுட் துண்டு ஒன்றை ஓரம் தேய்த்து வாங்கி, பிளாஸ்டிக் டேக்கால் கட்டினேன். மாதம் ஒருமுறை நாலு விரற்கடை தள்ளி வைப்பது என்று ஏற்பாடு.

முதல் ராத்திரிக்கு வருகிறேன். அன்று நடந்தது எனக்குப் புரிய இரண்டு வாரமானது. அந்தக் குட்டி பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூடத் தனியாகத் தூங்கியதில்லை. மூன்று உடன்பிறப்புகளின் சூட்டில், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்த உயிர். அதைக் கொண்டுவந்து, முன்பின் தெரியாத கம்பிப் பெட்டிக்குள் தள்ளி, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு, நான் மட்டும் உள்ளறையில் ஃபேனுக்கடியில் போய்ப் படுத்தேன். அழுகை நிற்காத பிறகுதான் எழுந்து பக்கத்தில் வந்தேன். அது அழுதது அடம் இல்லை. தாயைப் பிரிந்த குட்டி கத்தினால்தான் தாய் தேடி வரும். அது தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்திருக்கிறது. நானோ அதற்கு ஒழுக்கம் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கூண்டை ஹாலிலிருந்து எங்கள் கட்டில் பக்கத்துக்கு இழுத்துவந்தேன். கதவைப் பின்னுக்கு மடக்கி நாடாவால் கட்டிவிட்டேன், ஆடாமல். பட்டி அதைச் சுற்றிப் போய் மகளின் செருப்பில் தலை வைத்துத் தூங்கியது. கூண்டுக்குள் பிஸ்கட் போட்டால் கழுத்தை ஒரு முழம் நீட்டி, பின்னங்கால் இரண்டையும் வெளியிலேயே ஊன்றிக்கொண்டு, கவ்வியதும் பின்னாலேயே ஓடிவிடும். பின்னாலிருந்து மெல்லத் தள்ளிப் பார்த்தேன். அடுத்த முறை பிஸ்கட்டுக்கும் வரவில்லை.

இதையெல்லாம் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்த அம்மா மூன்றாம் நாள் வாயைத் திறந்தார். "கோழியை வெரட்டிப் பஞ்சாரத்துல அடைக்க முடியுமாடா? ஒண்ணை அமுக்குனா ஒம்பது ஓடும். பொழுது சாயற நேரத்துல பஞ்சாரத்தை லேசாச் சாச்சு வச்சு, உள்ள ஒரு கை கம்பைப் போட்டுட்டு, நீ பாட்டுக்கு ஒன் சோலியப் பாரு. தானா வந்து அடையும். நாலு நாள் போச்சுன்னா கம்பு போடாட்டியும் வந்து நிக்கும், மூடுறியா இல்லையான்னு."

நான் அதுவரை பத்து வீடியோ பார்த்திருந்தேன். எல்லாவற்றிலும் இதுதான் இருந்தது, ஆனால் "நீ பாட்டுக்கு ஒன் சோலியப் பாரு" என்ற பகுதி மட்டும் எனக்கு ஏறவே இல்லை. பிஸ்கட்டைப் போட்டுவிட்டுக் குட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், வேட்டைக்காரன் மாதிரி. எந்த மிருகம் வரும்?

அன்றிலிருந்து அம்மாவே எடுத்துக்கொண்டார். பிஸ்கட் வேண்டாம் என்று, வேகவைத்த கோழிக்கறியை நார் நாராகப் பிய்த்து, வாசற்படியில் ஒன்று, அரை முழம் உள்ளே ஒன்று, பின்சுவர் ஓரம் இரண்டு என்று குட்டி பார்க்காத நேரத்தில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். பட்டி தற்செயலாகக் கண்டுபிடிக்கும். இந்தப் பெட்டிக்குள் கறி முளைக்கிறது என்று அதுவாகவே ஒரு முடிவுக்கு வந்தது. இரண்டாம் நாள் நாலு காலும் உள்ளே. ஐந்தாம் நாள் எங்கேயோ விளையாடிவிட்டு வந்து, கறி இருக்கிறதா என்று ஒரு சுற்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. மூன்று வேளைச் சோற்றுத் தட்டும் அதன் பிறகு உள்ளேயே போனது. எட்டாம் நாள் காலை பால்சோறு தின்ற இடத்திலேயே அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டது, கதவு திறந்தபடி. அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. வாயில் விரல் வைத்து ஜாடை மட்டும் காட்டினார்.

இங்கே ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. கூண்டோடு வந்த மெத்தையைக் குட்டி தொடவே இல்லை. இழுத்து வெளியே போடும், அல்லது மெத்தை இல்லாத ஒரு சாண் இடத்தில் சுருண்டு கொள்ளும். பட்டிக்குக் கூண்டு பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். பிடிக்காதது மெத்தைதான். ஏப்ரல் மாதச் சென்னையில் பஞ்சு மெத்தையில் யார் படுப்பார்கள்? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தும், வயிற்றைக் குளிர்ந்த தரையில் ஒட்டியும்தான் சூட்டை இறக்கும். மெத்தையை எடுத்துவிட்டு, அடித்தட்டையும் உருவிவிட்டு, வெறும் டைல்ஸ் தரை மேல் கம்பி இருக்கும்படி வைத்தேன். கால் கம்பியில் மாட்டாமல் இருக்க மேலே பழைய லுங்கியை நாலாக மடித்துப் போட்டேன். அன்று மதியம் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கியது. அடித்தட்டு போனதில் இன்னொரு நன்மை, குட்டி கால் வைத்தாலே கடகடவென்று கேட்ட சத்தமும் போயிற்று. முதல் ராத்திரி பயத்தில் பாதி அந்தச் சத்தமாகத்தான் இருந்திருக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் கூண்டை நாலு பக்கமும் போர்வையால் மூடச் சொல்வார்கள், குகை மாதிரி இருக்குமாம். இங்கே அக்னி நட்சத்திரத்தில் அப்படி மூடினால் இட்லிக் கொப்பரைதான். பின்பக்கம் மட்டும் சுவரோடு ஒட்டி இருந்தால் போதும். கரண்ட் போனால் முதல் வேலை கதவைத் திறப்பது. மேற்கு ஜன்னல் ஓரமும் ஃபிரிட்ஜ் முதுகுப் பக்கமும் கூடாது. இவற்றையும் நான் ஒவ்வொன்றாகத் தப்புச் செய்துதான் கற்றேன்.

அந்தக் குகைக் கதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாய் இயற்கையாகவே குகைவாசி, அதனால் கூண்டு அதற்குப் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்று விற்பவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. ஓநாய்கூடக் குட்டி போட்டு வளர்க்கும் சில வாரங்களுக்குத்தான் வளையில் இருக்கும். குட்டிகள் எட்டுப் பத்து வாரமானதும் வளையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திறந்த வெளிக்குப் போய்விடும். எங்கள் தெருநாய்களையே பார்க்கலாம். வெயிலுக்குக் கார் அடி, மழைக்குப் படிக்கட்டு அடி, மற்ற நேரத்தில் நடுரோடு. முதுகுக்கு ஒரு மறைவு பிடிக்கும், உண்மைதான். ஆனால் காரின் அடியில் நாலு பக்கமும் திறப்பு இருக்கிறது. எந்தக் காருக்கும் பூட்டுகிற கதவு அடியில் இல்லை.

அதனால் கதவுதான் கடைசி. எட்டு நாள் கதவைத் தொடவே இல்லை. ஒன்பதாம் நாள், பட்டி சோற்றில் முகம் புதைத்திருக்கும்போது மெல்லச் சாத்தினேன், தாழ் போடாமல். தின்று முடிப்பதற்குள் திறந்துவிட்டேன். அது கவனித்ததாகவே தெரியவில்லை. அப்புறம் தாழ் போட்டேன், ஐந்து வினாடி. பத்து. முப்பது. இரண்டு நிமிஷம் வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பிரச்சினையே இல்லை. சரி, ஜெயித்துவிட்டோம் என்று எழுந்தேன். எழுந்த மறு வினாடி அலறல்.

அப்போதுதான் விளங்கியது. கதவு ஒரு பாடம். நான் எழுவது வேறொரு பாடம். அறையை விட்டுப் போவது மூன்றாவது. எவ்வளவு நேரம் என்பது நாலாவது. நான் நாலையும் ஒன்றாகக் கட்டி ஒரே ராத்திரியில் பரீட்சை வைத்திருந்தேன். பிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. கதவைத் திறந்து வைத்தபடி, பட்டி உள்ளே எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து உட்கார்வேன். நூறு தடவை. தோப்புக்கரணம் போடுகிற மாதிரி இருக்கும், மகள் எண்ணிக்கொண்டிருப்பாள். அது தலையைத் தூக்காமல் கடிக்கும் நிலை வந்ததும் இரண்டடி நடந்து திரும்பி வருவேன். அப்புறம் வாசல் வரை. அப்புறம் வாசலுக்கு வெளியே ஒரு வினாடி. தூரத்தைக் கூட்டும் நாளில் நேரத்தைக் கூட்டக் கூடாது. நேரத்தைக் கூட்டும் நாளில் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதை மீறிய நாளெல்லாம் இரண்டு நாள் பின்னுக்குப் போனோம்.

நேரத்தையும் நேர்கோட்டில் ஏற்றக் கூடாது என்பது டாக்டர் சொன்னது. ஒரு நிமிஷம், இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் கஷ்டம் கூடுகிறது என்று குட்டி கணக்குப் பண்ணிவிடுமாம். நாலு நிமிஷத்துக்கு அப்புறம் அரை நிமிஷம், அப்புறம் மூன்று, அப்புறம் ஐந்து. அழுவதற்கு முன்னால் திறப்பதுதான் இதில் உள்ள மொத்த வித்தையும். அழுதுவிட்டால் என்ன செய்வது என்று எல்லாரும் கேட்கிறார்கள். அழுதுவிட்டால் நாம் அவசரப்பட்டிருக்கிறோம். போய்ப் பக்கத்தில் உட்காருவேன், கம்பிக்கு இடையில் விரலை விடுவேன், அடங்கியதும் திறப்பேன், அடுத்த முறை பாதி நேரத்திலிருந்து ஆரம்பிப்பேன். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்றார்கள். கெட்ட மாதிரி தெரியவில்லை.

ராத்திரி என்பது தனி அத்தியாயம். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் அழுகை முக்கால்வாசி நின்றது, என் கை தொங்கினால் அதற்கு மோப்பம் போதும். மிச்சம் கால்வாசி உண்மையான அவசரம். ஒரு குட்டி அதிகபட்சம் தன் மாத வயதோடு ஒன்றைக் கூட்டிய மணி நேரம் அடக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. இரண்டு மாதத்துக்கு மூன்று மணி. அதுவும் தூக்கத்தில்தான், விழித்திருந்தால் முக்கால் மணிக்கு ஒருமுறை. அதனால் 10:30, 1:30, 4:30 என்று அலாரம் வைத்து, அது கேட்பதற்கு முன்னால் நானே தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவேன். தெருவில் இறக்க முடியாது. தடுப்பூசிகள் முடியும் வரை பார்வோ பயம், குட்டிகளின் உயிரையே எடுக்கும் வயிற்றுப்போக்கு நோய் அது. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எட்டாவது வாரம் தொடங்கி மூன்று நாலு வார இடைவெளியில் ஊசிகள் போட்டு முடிய நாலு மாதம் ஆகிவிடுகிறது. மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் மணல் கொட்டி வைத்தோம். போக வேண்டும், காரியம் முடிய வேண்டும், ஒரு துண்டு கறி, உடனே திரும்ப வேண்டும். பேச்சு கிடையாது, விளையாட்டு கிடையாது. நடுராத்திரியில் வெளியே போவது சுவாரசியம் என்று தெரிந்துவிட்டால் தினமும் 2 மணிக்கு ஊர்வலம்தான். ஒரு மாதத்தில் 1:30 அலாரம் போயிற்று. நாலாவது மாதம் இரண்டுமே போயிற்று.

வீட்டுக்குள் ஒன்றுக்குப் போய்விட்ட இடத்தைப் பினாயில் போட்டுக் கழுவாதீர்கள், குட்டி நக்கும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் போதும்.

கடிக்க எலும்பு என்றேன், அது நிஜ எலும்பு இல்லை, ரப்பர். வேகவைத்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதனால் கறிக்கடை எலும்பு எங்கள் வீட்டில் தடை. நடுவில் ஓட்டை உள்ள அந்தக் கெட்டி ரப்பர் பொம்மையின் கதை எனக்குப் பிடிக்கும். 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரிடம் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு இருந்தது. கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொள்ளும். அவர் தன் ஃபோக்ஸ்வாகன் வேனைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது கழற்றிப் போட்ட ரப்பர்ப் பாகத்தை அது கவ்விக்கொண்டு விடவில்லையாம். அதிலிருந்து பிறந்ததுதான் காங் என்ற பொம்மை. நாங்கள் அதற்குள் உப்பு போடாத தயிர்சாதத்தை அடைத்து ஃபிரீசரில் வைத்துவிடுவோம். தயிர்சாதம் கெட்டியாகிவிட்டால் அரை மணி நேரம் சத்தமே வராது. தாளிப்பு கூடாது, வெங்காயம் கூடாது. கடலை வெண்ணெய் வைக்கிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வையுங்கள். சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்திருந்தால் அது நாய்க்கு விஷம்.

இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். பட்டி கூண்டுக்குள் இருப்பதைக் கதவு இடுக்கில் பார்த்துவிட்டு, "இது சட்டப்படி குற்றம் தெரியுமா?" என்றார். கோபம் வந்தது. ஆனால் போய்ப் படித்துப் பார்த்தேன். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு. ஒரு பிராணி நியாயமாக அசைந்து திரும்ப நீள அகல உயரம் போதாத கூண்டில் அடைப்பது குற்றம். மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் அநியாய நேரம் கட்டி வைப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. ஆக, கூண்டே குற்றம் என்று இல்லை. ஆனால் அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் பயணம், நோய் போன்ற காரணங்கள் இல்லாமல் வீட்டில் நாயைக் கூண்டில் பூட்டி வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அமெரிக்காவில் இதே பழக்கம் நல்ல வளர்ப்பின் அடையாளம். இரண்டு ஊரிலும் நாய்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. நான் எங்கே நிற்கிறேன் என்றால், பகலில் ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல் குட்டியைப் பூட்டி வைக்க வேண்டிய வீடாக இருந்தால் அந்த வீட்டுக்கு இப்போது குட்டி வேண்டாம். காலை 9 மணிக்குப் பூட்டி மாலை 6 மணிக்குத் திறப்பதைப் பயிற்சி என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அது கோடவுன்.

எங்களுக்கு அந்தச் சோதனை ஜூனில் வந்தது. அம்மா ஊருக்குப் போய்விட்டார். நானும் ஆபீஸ் போகும் இரண்டு நாட்களுக்கு எதிர்வீட்டுச் சேச்சியைக் கேட்டுக்கொண்டோம். 11 மணிக்கு ஒருமுறை, 1:30க்கு ஒருமுறை வந்து திறந்து, மாடிக்கு அழைத்துப்போய், அரை மணி விளையாட விட்டு, மறுபடி உள்ளே. மதியத்துக்கு மேல் மகள் வந்துவிடுவாள். கிளம்பும்போது நாங்கள் செய்த ஒரு தப்பு, விடைபெறுவது. "பட்டிக்குட்டி, சமத்தா இருக்கணும், அப்பா சீக்கிரம் வந்துருவேன்" என்று ஐந்து நிமிஷம் கொஞ்சுவோம். அது எழுந்து நின்று வாலை ஆட்டும், நாங்கள் போய்விடுவோம். பிறகு சாவிக்கொத்து குலுங்கினாலே நடுங்க ஆரம்பித்தது. ஒரு வாரம் சும்மா சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்தோம். ஷூ போட்டுக்கொண்டு சமைத்தோம். சாவிக்கு அர்த்தமில்லாமல் போனது.

அந்த மாதத்தில் ஒரு நாள், இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, கழுத்துப்பட்டையைக் கழற்றாமல் உள்ளே விட்டுவிட்டேன். பெயர் பொறித்த வில்லையின் வளையம் கம்பியில் சிக்கி, பட்டி பின்னால் இழுக்க இழுக்க இறுகியது. நான் பக்கத்து அறையில் இருந்தேன். கேட்டது குரைப்பு இல்லை, கம்பி அதிரும் சத்தம் மட்டும். ஓடிவந்து கொக்கியை அவிழ்த்தேன். ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் என்று இன்றும் நினைக்கப் பிடிக்காது. கூண்டுக்குள் கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது. கதவுப் பக்கச் சுவரில் இப்போது ஒரு ஆணி இருக்கிறது, பட்டை அதில்தான் தொங்கும்.

கூண்டு ஒத்தே வராத நாய்களும் உண்டு. மகளின் தோழி வீட்டில் ஒரு நாய், தத்தெடுத்தது, அதற்குமுன் எங்கோ அடைபட்டுக் கிடந்திருக்க வேண்டும். கதவைச் சாத்தினால் எச்சில் ஒழுகி நெஞ்செல்லாம் நனைந்துவிடும், கம்பியைக் கடித்துப் பல் உடைத்துக்கொண்டது. அவர்கள் கூண்டைத் தூக்கி மாடியில் போட்டுவிட்டு அடுப்படி வாசலில் குழந்தைகளுக்கு வைக்கும் கேட் ஒன்றைப் பொருத்தினார்கள். நல்ல முடிவு.

இன்னொரு விஷயத்தில் நாங்கள் பிந்திவிட்டோம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்க்குட்டிகளைப் பல வருஷம் வளர்த்துப் பார்த்து 1965இல் எழுதியது இன்றும் எல்லாப் பயிற்சியாளர் வாயிலும் இருக்கிறது: மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் 12 வாரம் வரை குட்டி பார்ப்பதும் கேட்பதும்தான் அதற்கு உலகம். அந்த ஜன்னல் மூடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் முழுக் கவனத்தையும் கூண்டில் வைத்துவிட்டேன். மடியில் வைத்தாவது தெருவைக் காட்டியிருக்கலாம். பட்டி இன்றும் குடை விரித்தால் குரைக்கும், ஹெல்மெட் போட்ட ஆளை நம்பாது. கூண்டுப் பயிற்சியில் முதல் மதிப்பெண் வாங்கிய நாய், கூரியர்க்காரரைக் கண்டால் கட்டிலுக்கு அடியில்.

தீபாவளிக்குப் பட்டிக்கு ஒன்பதரை மாதம். காலையில் முதல் சரம் வெடித்ததும் வீடு முழுக்க ஓடியது, குளியலறைக்குள் போனது, வெளியே வந்தது, என் மீது ஏறியது. நாங்கள் யாரும் சொல்லவில்லை, அதுவாகவே கூண்டுக்குள் போய் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு மட்டும் மூன்று பக்கமும் போர்வை போட்டேன், ஏசி போட்டு, டிவியைச் சத்தமாக வைத்து. கதவைச் சாத்தவில்லை. பயந்த உயிரின் கதவைச் சாத்தக் கூடாது என்று அம்மா சொன்னார். அவர் பண்டிகைக்கு வந்திருந்தார். ராத்திரி 10 மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது கூண்டு வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கருப்பட்டிச் சேவு தின்றுகொண்டு, உள்ளே இருந்த நாயிடம் பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் நடந்த சண்டையை விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது இரண்டு வயது, 17 கிலோ. பிளைவுட் தடுப்பு எப்போதோ போய்விட்டது. கதவைப் பூட்டி எட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, கழற்றியே வைத்துவிட்டேன். கூண்டின் மேல் அயர்ன் துணி அடுக்கி வைக்கிறோம். ராத்திரி எங்கள் விளக்கு அணைந்ததும் பட்டி எழுந்து, சோம்பல் முறித்து, உள்ளே போய் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுக்கும். மே மாதம் மட்டும் வராது, குளியலறை வாசல்தான். வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அங்கேதான் தேடுகிறோம். போன வாரம் மகளின் ஒற்றைச் சாக்ஸ், டிவி ரிமோட், அம்மாவின் கண்ணாடி டப்பா மூன்றும் லுங்கிக்கு அடியில் இருந்தன. கண்ணாடி டப்பாவில் பல் படவில்லை.